எதுவும் கேட்காத பிரார்த்தனை

தையல் கூடத்தில் துணி வெட்டும் கட்டர் கடவுளோடு சண்டை போட்டுவிட்டாராம். கும்பிடுவதையே நிறுத்திவிட்டாராம். பொத்தான் கடைக்காரர் சொன்னதாக, அதே கூடத்தில் இஸ்திரி போடும் அவருடைய மைத்துனன்தான் இந்தச் சேதியைக் கொண்டுவந்தான்.

“நிஜமாவா மாமா?”

“கேக்கறத விட்டேன்டா. கும்பிடறத விடல. உன் பொத்தான்காரருக்கு வேற வேலையே இல்லையா?”

விஷயம் இதுதான். கட்டரின் கழுத்தில் ஒரு கட்டி. மருத்துவமனையில் ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து காலையில் கண்ணை மூடினாலே ஒரே கெஞ்சல்: அதைக் கொடு, இதைத் தராதே. கேட்கக் கேட்கப் பயம்தான் கூடியது. ஒருநாள் தனக்கே சலித்துப்போய், “இதுவரைக்கும் குடுத்ததுக்கு நன்றி” என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். பயம் போகவில்லை. ஆனால் சாப்பாடு தொண்டையில் இறங்கியது. அதையே பிடித்துக்கொண்டார்.

சோதனை முடிவு சொல்லும் நாளன்று கை வேலையில் இருந்தது, மனம் இல்லை. பள்ளிச் சீருடைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சட்டைக் கையின் அளவை வரைந்து, வெட்டும் மெஷினை ஓட்டினார். துணியை எதிரெதிர் முகமாக விரித்திருந்தால் வலதும் இடதும் ஜோடியாக வந்திருக்கும். இவர் எல்லாவற்றையும் ஒரே முகமாக விரித்துத் தொலைத்திருந்தார். மேசை முழுக்க இடது கை.

முதலாளியம்மா இரண்டைத் தூக்கிப் பிடித்தார். “ஏங்க கட்டரே, அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு ரெண்டு கையும் ஒரே பக்கமா?”

கட்டரின் முகம் செத்துப்போயிற்று. பிறகு மிச்சத் துணியைத் தடவிப் பார்த்தார். “கடவுள் புண்ணியத்துல முன்பக்கத்த வெட்டலம்மா. துணி இருக்கு, வலது கைய வெட்டிடலாம். மிஞ்சற இடது கை அடுத்த ஆர்டருக்கு ஆகும்.”

“உங்களத் திட்டக்கூட முடியல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, வலது கை நாளைக்கு வரட்டும்.”

மருத்துவர் இவரை உட்காரக்கூட விடவில்லை. “சாதாரணக் கட்டிதாங்க. புற்றுநோய் இல்ல. நிம்மதியா போங்க.”

மாடிப்படியில் பாதி இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடினார். தினமும் சொன்ன அதே வார்த்தைதான் வந்தது. மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலும் இது வாயில் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றே நம்பினார். சோதித்துப் பார்க்க ஆசை இல்லை.

மனைவி வேலை செய்யும் பிஸ்கட் ஆலையில் இடியே விழுந்தாலும் கேட்காது. தெரிந்தேதான் போனில் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். படியேறி வந்தவருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி, “எடுக்க மாட்டேங்கறா பாருங்க” என்று அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சிரித்தார். காதோடு ஒட்டியிருந்த போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.