கண்ணை மூடிக்கொண்டு நினைத்தது

கோவில்பதாகை என்ற ஊரில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போவேன். முடிவில் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து அவருக்காக ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். வாரத்தில் என்னை யாராவது தொடுவது அப்போது மட்டும்தான்.

ஒரு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு காலேஜ் பேராசிரியை. மக்கள் எப்படிச் சாமி கும்பிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்பவர். என் கையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் வராது. கூச்சம் என்று நினைத்தேன். பாயிலிருந்து நான் எழும்போது தூக்கிவிடுவார்.

கடைசி நாள், செருப்பு மாட்டும்போது சொன்னார்.

"ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சும்மா. டெல்லியில வேலை கிடைச்சிருக்கு. உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது."

சுருக்கென்றது. என் கையைப் பிடித்ததும் வேலைதானா?

"அப்போ கண்ண மூடிக்கினு இன்னாம்மா பண்ணிகினு இருந்தே?"

"உங்க முட்டி வலி போகணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வலி அப்டியேதான் கீது, போ" என்றேன். அவரும் சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு அம்மா என் கையைப் பிடித்துச் சத்தமாக ஜெபித்தார். என் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிக்கும்படி கேட்டார். எனக்கு ரெண்டும் கிடையாது. அவருக்கு அது தெரியாது.

ஆமென் சொன்னேன். பேராசிரியை நினைத்ததற்குத்தான் சொன்னேன்.