கறுப்புக் கொடியும் ஒரு பாட்டும்

கல்முனைச் சந்தைக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார் அவர். அண்ணன் முறையில் எங்களுக்கெல்லாம் 'காக்கா'. கறுத்துப் பருத்த மனிதர். தலையில் எப்போதும் வெள்ளைத் தொப்பி. எவ்வளவு நல்ல பாட்டானாலும் தொழுகைக்கான பாங்கு கேட்டால் வானொலியை நிறுத்திவிடுவார்.

சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டத்தை எதிர்த்து ஊரே கடையடைத்த நாளில், முதலில் கறுப்புக் கொடி கட்டியவர் அவர்தான். அன்று பின்னேரம் வானொலியில் அகில இலங்கைப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. பூட்டிய கடைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்கவே பின்கதவால் நுழைந்தேன். ஒரு சிங்களப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவர் கண்மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன காக்கா, இண்டைக்குமா சிங்களப் பாட்டு?" என்றேன் கோபமாக.

"சட்டத்துக்குத்தான் தம்பி கடைய அடைச்ச. அந்தப் புள்ளயா சட்டம் போட்ட? அது பாட்டுத்தானே படிக்குது. இரி, கேளு."

இருந்தேன். நன்றாகத்தான் பாடினாள். முடிவை அறிவிக்கப்போகும் நேரம் பார்த்து அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு ஒலித்தது. வானொலியை நிறுத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், முதல் பஸ் வந்து நின்றதும் கொடியும் கையுமாகவே ஓடினார். இறங்கியவர்களிடம், "பாட்டுப் போட்டியில வெண்டது அந்தப் புள்ளதானே?" என்றார்.

பதிலைக் கேட்க, அவருக்குப் பின்னால் நானும் ஓடியிருந்தேன்.