மூடிய எர்த் குழி

பிள்ளைகளா, ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாட் மீட்டிங்கில் நான் செக்ரட்டரியைப் பார்த்துக் கத்தியது உங்களுக்கு அவமானமாக இருந்திருக்கும். எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. கார் நிறுத்துமிடத்தில் புதுச் சிமெண்ட் வாசனை அடிக்கும்போதெல்லாம் ஏறுகிறது.

அந்தச் சிமெண்டுக்கு அடியில் என் ரேடியோவின் எர்த் குழி இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் இந்த ஃப்ளாட் வருவதற்கு முன் இதே இடத்தில் நமக்கு ஓட்டு வீடு. நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். தொட்டியத்தில் வாழை போடும் செல்வம் என் கூட்டாளி. வீட்டிலிருந்தே வானலையில் பேச அரசாங்கம் தரும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சையில் அவன் முதல் தடவையே பாஸ், நான் மூன்றாம் தடவை. நாங்கள் பேச நினைத்த குறைந்த அலைவரிசைக்கு நாற்பது மீட்டர் கம்பி வேண்டும். நம் வீட்டில் இருந்த இடமோ பதினைந்து மீட்டர். மீதியைக் காயிலாகச் சுற்றிப் பொருத்த வேண்டும். பொருந்தாவிட்டால் ரேடியோப் பெட்டி அனுப்பும் சக்தி கம்பியில் ஏறாமல் திரும்பி வந்து பெட்டியையே சுடும். நான் கடைப் பழக்கத்தில் நெருக்கிச் சுற்றி, வார்னிஷும் அடித்துவிட்டேன். எந்தச் சுற்றில் பொருந்துகிறது என்று கிளிப் மாட்டிப் பார்க்க இடமே இல்லை.

“பம்ப்செட்டுக்கா கட்டினே? தண்ணி நல்லா எறைக்கும்டா,” என்றான் செல்வம்.

இடைவெளி விட்டு மறுபடி சுற்றினேன். அப்போதும், திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டரில் முள் இறங்கவில்லை. அவனே கடப்பாரை எடுத்து வீட்டோரம் குழி தோண்டி, தாமிரக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். முள் விழுந்தது. பிறகு ஓட்டு வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டியபோதும் அந்தக் குழி கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் தப்பிவிட்டது.

போன வருஷம் அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. அதன் பிறகு ஞாயிறு காலைகளில், எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் கீயில்தான் என்னோடு பேசினான். அவனுடைய அவசரம், கிண்டல், இழுப்பு எல்லாம் அந்தத் தட்டலில் இருக்கும்.

குழியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று செக்ரட்டரியிடம் நான்கு முறை சொன்னேன். “பாத்துக்கலாம் சார்” என்றார். போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது குழாயை அறுத்துக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ஞாயிறு காலை செல்வம் கூப்பிட்டது கேட்டது. கேட்பதற்கு எர்த் இல்லாமல் சமாளிக்கலாம்; பதில் அனுப்ப முடியாது. முள் கடைசிக்கு ஓடி நின்றது. அவன் ஒன்பது முறை கூப்பிட்டுவிட்டு நிறுத்தினான்.

சாயங்காலம் மீட்டிங்கில் கேட்டேன். “வாட்ஸ்அப்ல பேசிக்க வேண்டியதுதானே சார்?” என்று சிரித்தார். ஒரு மனுஷனுக்கு மிச்சமிருந்த பேச்சையும் மூடிவிட்டுச் சிரிக்கிறார். கத்தாமல் என்ன செய்வது?

வாட்ஸ்அப்பிலும் எழுதினேன், “குழிய மூடிட்டாங்கடா” என்று. கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதில் செல்வம் எங்கே இருக்கிறான்? வேறு குழி தோண்டலாம் என்றால் கட்டிடத்தைச் சுற்றி ஒரு கை மண் இல்லை.

அன்று நீங்கள் அத்தை வீட்டுக்குப் போன பிறகு, பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு மோர்ஸ் கீ முன்னால் உட்கார்ந்தேன். காலையில் அவனைக் கேட்டிருக்க வேண்டியதைத் தட்டினேன்: சாப்பிட்டியா, வாழைக்குத் தண்ணி வந்துச்சா.