ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும்

என் இதயத்தில் ஒரு வால்வு உலோகத்தால் ஆனது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பினார்கள். வீட்டில் சத்தமில்லாத நேரத்தில் காது கொடுத்தால் டிக் டிக் என்று கேட்கும். "இனிமே செவுத்துக்குக் கடிகாரம் தேவையில்ல" என்பார் எங்கள் வீட்டுக்காரர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நகைச்சுவை அந்த அளவில்தான் இருக்கும்.

அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். மாத்திரை குறைந்தால் ரத்தம் உறைந்து வால்வு அடைத்துக்கொள்ளும். கூடினால் எங்கேயாவது கசியும். ரத்தப் பரிசோதனையில் வருகிற எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். இதற்காகவே புதுச்சேரிக்கு பஸ் ஏறி அலைந்து கொண்டிருந்த என்மேல் இரக்கப்பட்டு, சென்னையில் இருக்கும் மகள் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தாள். உள்ளங்கை அளவுதான். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதன் பட்டையில் வைத்தால் எண் வந்துவிடும். எந்த எண்ணுக்கு எவ்வளவு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். குறைந்தால் கால் மாத்திரை கூட்டு, ஏறினால் குறை, ரொம்ப ஏறினால் எனக்குப் போன் செய். அவ்வளவுதான். என் உடம்பு என் கைக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

மகள் ஒரு நிபந்தனையும் சேர்த்தே கொடுத்தாள். "ஆவணி வரைக்கும் பாக்கறேம்மா. நம்பர் நிக்கலன்னா பட்டறைய மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடணும்."

பட்டறை என்றால் ஊருக்கு வெளியே என் பீங்கான் பொம்மைப் பட்டறை. வெள்ளை மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டு எடுப்பது. ஆடி பிறந்தால் கொலு பொம்மை வேலை தலைக்கு மேல் இருக்கும். அதை மூடிவிட்டு மகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து துணி காய்வதை வேடிக்கை பார்ப்பதா? என்னால் முடியாது சாமி.

வைகாசி, ஆனியில் எண் சொன்னபடி கேட்டது. ஆடியில் வேலை அதிகமானதும், மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு மெஷினையும் வீட்டுக்காரர் பட்டறைக்கே கொண்டுவர ஆரம்பித்தார். முதல் தடவையே ஒன்று புள்ளி எட்டு. கால் மாத்திரை கூட்டினேன். அடுத்த வாரமும் ஏறவில்லை. இன்னொரு கால் கூட்டினேன்.

அவர் நேராக முருங்கைக்கீரைக்கு வந்துவிட்டார். கீரையை ஒரே அளவில் சாப்பிட வேண்டும், திடீரென்று கூட்டினால் எண் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். கூடவே முருங்கைக்கீரைப் பொரியல்.

"கோயில்ல கூழு குடிச்சியே, கீரை எத்தினி வாட்டி வாங்குன?"

"கீரைய மோந்துகூடப் பாக்கலங்க."

"அப்ப நம்பர் ஏன் ஏறல? மெஷின் பொய் சொல்லுமா?"

மெஷின் சொல்லாதாம், நான் சொல்வேனாம்! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு இந்தப் பட்டம். அன்று சாயங்காலம் அவருக்கு டீ போட்டேன், ஆனால் சர்க்கரை போடவில்லை.

மறுநாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. நிற்கவே இல்லை. முழங்கைக்குக் கீழே எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலம் பாரித்திருந்தது. எண் குறைவு என்கிறது மெஷின், அதிகம் என்கிறது உடம்பு. அவர் உடனே ஆட்டோ கூப்பிட்டு கடைத்தெரு லேபுக்கு அழைத்துப் போனார். அங்கே நாலரை என்று வந்தது.

டாக்டருக்குப் போன் போட்டு இரண்டு எண்ணையும் சொன்னோம். இன்றைக்கு மாத்திரை வேண்டாம், நாளையில் இருந்து பழைய அளவு, ரத்தம் மறுபடி வந்தால் உடனே கிளம்பி வாங்க என்றார். பிறகு, "எங்க உக்காந்து டெஸ்ட் பண்றீங்க?" என்று கேட்டார்.

"பட்டறையிலதான் சார்."

"கை கழுவிட்டுத்தானே?"

"நல்லா கழுவிட்டுத்தான் சார்" என்றேன் நான், கொஞ்சம் கோபத்தோடு.

"எங்க கழுவுன?" என்றார் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர்.

பட்டறைத் தொட்டியில். வேறெங்கே கழுவுவேன்? அச்சு, கரண்டி, கை எல்லாம் அலசுகிற தொட்டி. அந்தத் தண்ணீரில் எப்போதும் வெள்ளை மண் கரைந்திருக்கும். கை உலர்ந்தால் விரல் நுனியில் மாவு பூத்தது போல நிற்கும். எங்கள் தொழிலில் அதை யாரும் அழுக்கு என்று நினைப்பதில்லை.

அதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். "அந்த மண்ணு பட்டா ரத்தம் சீக்கிரம் உறையும்மா. சில டெஸ்டுக்கு லேபுலயே அதைத்தான் போட்டு உறைய வைக்கிறோம். சீக்கிரம் உறைஞ்சா மெஷின் நம்பரைக் குறைச்சுத்தான் காட்டும். சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சிட்டுப் பாருங்க."

மறுவாரம் அவர் கேரியரோடு ஒரு குடம் குழாய்த் தண்ணீரும் புது சோப்பும் துண்டும் கொண்டுவந்தார். அச்சு ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துச் சிரிக்க, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணைக்கூட விடவில்லை.

"எல்லாரும் பாக்கறாங்க, விடுங்க" என்றேன்.

"பாக்கட்டும். உன்னைப் பொய் சொல்றன்னு சொன்னேன்ல" என்றார், தலையை நிமிர்த்தாமல். என் கோபமெல்லாம் எங்கே போனதோ.

குத்தினேன். மூன்று புள்ளி ஒன்று.

"இந்தா, இந்த வாரத்துக் கீரை" என்று கேரியரின் கடைசி அடுக்கைத் திறந்தார். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, தேங்காய் போட்டுப் பொரித்தது. வெறுஞ்சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி.

ஆவணி வரைக்கும் எண் அசையவில்லை. கடைசி எண்ணைச் சொல்ல மகளுக்குப் போன் செய்தேன். மண்ணின் கதையையும் முழுவதும் சொன்னேன். பட்டறையை மூடச் சொன்னால் சண்டை போடத் தயாராகத்தான் இருந்தேன்.

"அம்மா, இந்த வருஷம் கொலுவுக்கு எனக்கு ஒரு செட்டு பொம்மை அனுப்புவியா?" என்றாள்.

"அனுப்பல்லாம் மாட்டேன். பட்டறைக்கு வந்து வாங்கிக்கினு போ" என்றேன்.