இழவு வீட்டின் பின்வயலில் சாம்பல்தலை ஆள்காட்டி

அபூர்வமான பறவையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்துச் சொல்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தென்காசி வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பேராசிரியர். பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார். முந்தாநாள் பார்த்ததை இன்றைக்குப் படத்தோடு போடுவார். கீழே, "இன்று மறுபடி போனேன், காணவில்லை" என்று எழுதுவார். காணாமல் போன பறவையின் விலாசம் எங்களுக்கு எதற்கு?

இதில் அதிகம் நொந்தவர் கடையநல்லூரில் செல்போன் கடை வைத்திருந்த நண்பர். அவருக்குச் சாம்பல்தலை ஆள்காட்டியைப் பார்க்க வேண்டும். செம்மூக்கு ஆள்காட்டி எங்கள் வயலெங்கும் கத்திக்கொண்டு திரியும். சாம்பல்தலை அப்படி அல்ல. குளிர்காலத்தில் எங்கோ வடக்கேயிருந்து எப்போதாவது ஒன்று வந்து இறங்கும், போய்விடும். பேராசிரியர் படம் போடும்போதெல்லாம் நண்பர் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடுவார். வெறும் வயலைப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருநாள் சொன்னார்: "அண்ணாச்சி, மாசக் கடைசில மஸ்கட்டுக்குப் போறேன். விசா வந்துட்டு. இனி எங்க பாக்க?"

அன்றைக்கே நான் குழுவில் கத்தித் தீர்த்தேன். பார்த்த இடத்தில் நின்றுகொண்டே லைவ் லொக்கேஷன் போடு, முடியாவிட்டால் வாயைத் திறக்காதே என்றேன். பேராசிரியர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

அந்த வாரமே என் மனைவியின் பெரியப்பா சுரண்டையில் இறந்துபோனார். வீடு ஊர் ஓரத்தில். பின்னால் தண்ணீர் கட்டிய வயல். ஒன்றுக்குப் போகலாம் என்று அந்தப் பக்கம் போனேன். வரப்பில் அது நின்றது. சாம்பல் தலை, மஞ்சள் கால், மஞ்சள் மூக்கின் நுனியில் கறுப்பு. வந்த வேலையை மறந்து லைவ் லொக்கேஷனைப் போட்டு, "சாம்பல்தலை. உடனே வாங்க" என்று அடித்தேன். இழவு வீடு என்று எழுதவில்லை. பறவை நிற்கிறது என்பதுதான் செய்தி.

அதற்குள் மச்சினன் வந்துவிட்டான். "அத்தான், இங்கனயா நிக்கிய? மருமக்கமாரு எல்லாம் நீர்மாலைக்குக் கெளம்பியாச்சு. சட்டையக் கழத்துங்க."

சவத்தைக் குளிப்பாட்ட கொட்டுமேளத்தோடு போய்த் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. வேட்டி மடிப்பில் செல்போனைச் செருகிக்கொண்டு போனேன். பறவை வரப்பில் நிற்க, லொக்கேஷன் என் இடுப்பில் நடந்து வந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

பம்புசெட்டில் குடத்தைத் தோளில் ஏற்றி நிற்கிறேன். வரிசையாக பைக்குகள் வந்து நின்றன. எல்லாரும் மண் நிறச் சட்டை. இலைப்படம் போட்ட துணி சுற்றிய கேமராக்கள். முன்னால் பேராசிரியர், கடைசி பைக்கில் கடையநல்லூர் நண்பர்.

"எங்க சார் இருக்கு?"

"வீட்டுக்குப் பின்னால!" என்றேன். கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஊர்வலத்தின் பின்னாலேயே வந்தார்கள். ஒருவர் பைனாகுலரை எடுத்துக் கொட்டுக்காரரைப் பார்த்தார்.

வீட்டு வாசலில் மச்சினன் என் காதில் சீறினான். "போட்டோக்காரன் ஒருத்தன் போதாதா அத்தான்? என் கல்யாணத்துக்கே இத்தன கேமரா வரல." நான் பதில் சொல்வதற்குள் பேராசிரியரைக் கையைப் பிடித்து சவத்தின் முன்னால் நிறுத்திவிட்டான். "சார், மொகம் தெளிவா விழணும்."

அந்த லென்சுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. பேராசிரியர் பின்னோக்கியே நடந்து வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். மச்சினன் ஒப்பாரி வைத்த பெண்களை விரட்டினான். "ஏட்டி, வெலகுங்க! சாருக்கு மறைக்குது!"

நான் குடத்தை இறக்கிவிட்டு நண்பரின் தோளைப் பிடித்தேன். "பின்பக்கம் ஓடும் வே. தூக்குறதுக்கு முன்ன வெடி போடுவான். அப்புறம் ஒண்ணும் நிக்காது." ஓடினார்.

குளிப்பாட்டி முடித்துப் பாடையில் வைத்தார்கள். மச்சினன் சரவெடியை எடுத்து வந்தான்.

"சுடுகாட்டுல போய்ப் போட்டாப் போதும்லா?" என்றேன்.

"ஏன், பெரியப்பா முழிச்சிருவாவளா?"

"பின்னால ஒரு பறவை நிக்குதுலே. கொஞ்சம் பொறு."

என்னை மேலும் கீழும் பார்த்தான். "அக்காவக் கூப்பிடட்டா?" என்றான். கேட்டுக்கொண்டே பற்றவைத்துவிட்டான். இன்றைக்கும் அவனோடு எனக்குப் பேச்சு சரியில்லை.

நான் பின்பக்கம் ஓடினேன். ஆள்காட்டி எழுந்து, இறக்கையில் வெள்ளை தெரிய, கூரைக்கு மேலே ஒரு வட்டமடித்துக் குற்றாலம் மலைப் பக்கம் போனது. நண்பர் முழங்கால் வரை சேற்றில் நின்றார். பைனாகுலர் நெஞ்சில் தொங்கியது. தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"பாத்தீரா வே?"

"பாத்தேன் அண்ணாச்சி. ஒரு கால்ல நின்னு தலையச் சொறிஞ்சுது. ஆசை தீரப் பாத்தேன்."

அப்போது இறந்தவரின் தங்கச்சி, தலைவிரி கோலமாகப் பின்வாசலில் வந்து நின்றாள். சேற்றில் நின்று அழுகிறவரைக் கண்டாள்.

"யாரு பெத்த புள்ளையோ! உள்ள ஒரு பய கண்ணுல தண்ணி இல்ல. இவன் எங்கண்ணனுக்காவத் தனியா வந்து நின்னு அழுதானே!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போய், சொந்தக்காரர்களை எல்லாம் வைதாள். பாடையின் முன்கொம்பைப் பிடித்திருந்த ஒருவரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தை இவருக்குக் கொடுத்தாள்.

நண்பர் சேற்றுக் காலோடு நின்று என்னைப் பார்த்தார்.

"தூக்கும் வே" என்றேன்.

தூக்கினார். தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் மனிதர் குனிந்தே நடந்தார். துக்கம் தாங்கவில்லை என்று பக்கத்தில் வந்தவர் அவருக்குத் துண்டு கொடுத்தார்.