வெள்ளி பெயின்ட் அடித்த லென்ஸ்

தீனதயாளனுக்குத் தெரியாத விஷயம் என்று எதுவுமே கிடையாது. தெரிந்த விஷயத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். மறைமலைநகரில் மைக்ரோவேவ் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் டெக்னிக்கல் மேனேஜர். அந்த நாற்காலியைப் பிடித்துக் கொடுத்தது படிப்பல்ல, தொண்டை. மீட்டிங்கில் யார் எதைச் சொன்னாலும் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார். முதலாளி அப்பாசாமி, கடைசியாகக் காதில் விழுந்த குரலை நம்புகிற ரகம்.

வேலை தெரிந்த ஆள் சுராயா. கரையிலிருந்து கப்பலுக்குத் தகவல் அனுப்பும் கருவி ஒன்றை அவள்தான் வடிவமைத்தாள். ஒரே ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயருக்குப் பதில், பலகை நிறையச் சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபயர்கள். ஒவ்வொன்றும் தன் சக்தியைக் காற்றில் விடும். எல்லா அலைகளும் ஒரே தாளத்தில் கிளம்பினால் வெட்டவெளியிலேயே ஒன்றுசேர்ந்து பலமாகிவிடும். பலகைக்கு முன்னால் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு லென்ஸ். அலைகள் நாலாபக்கமும் சிதறாமல் ஒரே திசையில் போக அது வழிசெய்யும்.

வாங்க வருகிறவர்களுக்குத் திருவிடந்தைக் கடற்கரையில் இயக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. தீனதயாளன் லென்ஸைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா இது, இட்லி கணக்கா கீது? பாக்கறவன் சிரிப்பான். சில்வர் பெயின்ட் அடிச்சா சும்மா ஜம்முனு இருக்கும்."

"சார், அந்த பெயின்ட்ல அலுமினியத் தூள் இருக்கு. அலை வெளிய போவாது. திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயரையே எரிச்சிடும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

காருக்கு பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் அவருடைய மச்சான் வேலை பார்த்தான். லென்ஸ் அங்கே போய், கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரிப் பளபளத்துத் திரும்பியது. தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார். சுராயா பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் ஒரு டின் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடற்கரையில் அப்பாசாமி விருந்தினர்களோடு நின்றார். நெம்மேலிப் பக்கம் ஒரு மொட்டைமாடியில், கப்பலுக்குப் பதிலாக, ரிசீவர். சுவிட்சைப் போட்டார்கள். அங்கிருந்து போனில் வந்த பதில்: "ஒண்ணும் வரல."

"பவரை ஏத்து!" என்றார் தீனதயாளன்.

"மாட்டேன் சார்."

அவரே ஏற்றினார். பலகையின் நடுவிலிருந்து புகை கிளம்பியது. கருகிய நாற்றம் முதலாளியின் மூக்கு வரை போனது.

"உப்புக்காத்து சார், சரியாப்பூடும். வாங்க, நாஸ்தா துன்னுட்டு வருவோம்" என்று எல்லோரையும் ரோட்டோர ஓட்டலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். சுவிட்சை அணைத்து, மேற்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கும் வேலையை மட்டும் தாராள மனதோடு சுராயாவுக்கு விட்டுவைத்தார்.

அவள் தின்னரைத் துணியில் நனைத்துப் பெயின்ட்டைச் சுத்தமாகத் துடைத்தாள். எரிந்துபோனவற்றின் இணைப்பைத் துண்டித்தாள். அவர்கள் திரும்பி வந்தபோது லென்ஸ் பழையபடி இட்லியாக இருந்தது. சுவிட்சைப் போட்டாள். உயிரோடு மிஞ்சிய ஆம்ப்ளிஃபயர்களின் அலைகள் காற்றில் கைகோத்தன. நெம்மேலியிலிருந்து போன்: "வருது! கொஞ்சம் கம்மி, ஆனா தெளிவா வருது!"

சுராயா முதலாளி பக்கம் திரும்பினாள். "சார், நடுவுல இருந்ததெல்லாம் போயிடுச்சு. ஆனா மீதி..." என்று ஆரம்பித்தாள்.

தீனதயாளனுக்கு அது போதும். குறுக்கே புகுந்தார்.

"பாத்தீங்களா? அத்தினி எரிஞ்சும் வேலை நிக்கல! இதைக் காட்டத்தான் வோணும்னே எரிச்சேன்!"

விருந்தினர்கள் கைதட்டினார்கள். அப்பாசாமி அவர் தோளில் தட்டினார். சுராயா தன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். மறுநாள் ராஜினாமா. இப்போது பெங்களூரில் ஒரு ரேடார் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே லென்ஸுக்கு யாரும் மேக்கப் போடுவதில்லையாம்.

தீனதயாளன் வைஸ் பிரசிடென்ட் ஆகிவிட்டார். வாங்க வருகிறவர்கள் முன்னால் ஒவ்வொரு புதுக் கருவியிலும் சில நல்ல ஆம்ப்ளிஃபயர்களை எரித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவே போட்டிருக்கிறார். எரிக்கிறார்கள். புகை வந்ததும் அவர் எழுந்து நின்று பேசுகிறார்.