சைதூன் பீவி சொல்லித்தராத சொற்கள்

தென்காசியில் மலாய் பேசப் பழக வேண்டுமென்றால் சைதூன் பீவியை விட்டால் வேறு ஆள் கிடையாது. கல்யாணமான கையோடு சிங்கப்பூருக்குப் போய், புருஷனோடு சேர்ந்து மசாலா இடித்து விற்றுப் பிழைத்தவள். அவன் காய்ச்சலில் மவுத்தானதும் ஊர் திரும்பினாள். அக்கரையில் வேலை பார்க்கிற ஆண்கள் பெண்டாட்டியைக் கூப்பிட்டு எழுதிவிட்டால், மாமியார்கள் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து விடுவது இவள் வீட்டில்தான்.

புத்தகம், சிலேட்டு ஒன்றும் கிடையாது. நிலைப்படியைத் தாண்டினால் தமிழ் பேசக்கூடாது, அவ்வளவுதான் பாடம். மலாயில் கேட்கிறவளுக்குத்தான் தண்ணீர். முழிக்கிறவள் தொண்டை காய முழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருத்தி மீன் விற்பாள், இன்னொருத்தி வாங்குவாள். பேரம் படியாமல் இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாது. தப்பாகப் பேசினால் சைதூன் சிரிக்க மாட்டாள், மற்றவர்களையும் சிரிக்க விடமாட்டாள். பேசாமல் இருந்தால்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

சபர் போகிறவர்கள், அதாவது கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவர்கள், காதில் கெட்ட பேச்சு விழக்கூடாது என்பது ஊர் வழக்கம். சைதூன் அதைப் பாடத்துக்குள்ளும் இழுத்து விட்டுவிட்டாள். சோறு, விலை, வழி, நலம் விசாரிப்பு எல்லாவற்றுக்கும் சொல் கொடுப்பாள். தீ, ரத்தம், ஓடு, காப்பாற்று என்பவற்றுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். பயந்த பெண்களை அப்படித்தான் கப்பலேற்ற முடியும் என்பது அவள் தீர்மானம். அவளிடம் படித்த ஒருத்தியும் போகமாட்டேன் என்று பின்வாங்கியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

1941இல் சாரல் தொடங்கிய நேரம், ரஹ்மத்துன்னிசா தன் மருமகள் ஜாஹிரா பீவியைக் கொண்டுவந்து விட்டாள். மகன் துல்கர்னைன் சிங்கப்பூரில் அரிசிக்கடையில் இருந்தான். ஜாஹிராவுக்குப் போக இஷ்டமில்லை. வாய்க்குள்ளேயே பேசுகிற பெண்.

"லாத்தா, அங்கன தீப்புடிச்சா என்ன சொல்லிக் கூப்பிடணும்?" என்று வந்த அன்றைக்கே கேட்டாள்.

"சபர் போற பிள்ள கேக்குற கேள்வியாட்டி இது? நல்லதைப் பேசு."

"சண்டை வரும்னு சொல்லுதாகளே."

"வெள்ளைக்காரன் கப்பலும் பீரங்கியுமாக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கான். ஒரு பய உள்ள வர முடியாது."

சொன்னாளே தவிர, சைதூனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. சிங்கப்பூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்த சேக் தாவூது, குண்டு விழுந்தால் தீயணைக்கக் கடைவாசல்தோறும் மணல் வாளி வைத்திருப்பதையும், இருட்டினால் விளக்கை மறைக்கச் சொல்லிப் பழக்குவதையும் அவளிடம் சொல்லியிருந்தான். பொம்பளைகளை இப்போது அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னான். அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் இந்தப் பெண் போகாது. போகாவிட்டால், சைதூன் கையில் படித்தும் பின்வாங்கியவள் என்று ஊருக்குள் ஒருத்தி இருப்பாள். அந்தப் பெயரை அவளால் தாங்க முடியாது.

வாய் திறக்காதவர்களுக்கு அவள் வைத்திருந்த மருந்து குற்றாலம். வண்டி கட்டி அழைத்துப்போய், அருவிச் சத்தத்துக்கு நடுவே பெண்ணை நிறுத்திவிட்டு, இவள் தள்ளிப்போய்ப் பாறையில் உட்கார்ந்துகொள்வாள். அங்கே நின்று பேசுகிற மலாய் இவள் காதுக்கு எட்ட வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் செம்மண் கலந்து, மரக்கிளைகளை அடித்துக்கொண்டு விழுந்தது. குளிக்க ஒருவரையும் விடவில்லை. ஜாஹிரா உதட்டை அசைத்தாள். சைதூன் காதில் கையை வைத்துக் காட்டினாள். விடாமல் காட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பெண் அடித்தொண்டையிலிருந்து, மீன் என்ன விலை என்று மலாயில் கத்தினாள். கத்திவிட்டு அவளே சிரித்தாள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

"நான் போறேன் லாத்தா. பயமெல்லாம் போயிட்டு," என்றாள், திரும்பும்போது வண்டியில்.

சைதூனுக்கு அன்றைக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண் நின்றுவிடும் என்று தெரிந்தது. "நல்லாயிரு," என்று மட்டும் சொன்னாள்.

ஜாஹிரா நாகப்பட்டினத்தில் கப்பலேறினாள். போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. மார்கழி பிறக்குமுன் சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. மாசியில் அந்த ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஜாஹிராவிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. சைதூன் வீட்டுக்குப் படிக்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம் ரஹ்மத்துன்னிசா வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"நம்ம ஆளுக இருந்த தெருவெல்லாம் தீயாம் சைதூனு. பக்கத்துல மலாய்க்காரவுகதான் குடியிருந்தாகளாம். இவ சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பாகள்லா?"

"வந்திருப்பாக மாமி."

"காப்பாத்துங்கன்னு அங்கன எப்படிச் சொல்லுவாக?"

ஊர் திரும்பிய நாளிலிருந்து சைதூன் வாயில் வராத சொல் அது.

"தோலோங்," என்றாள்.

ரஹ்மத்துன்னிசா அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "லேசாத்தான் இருக்கு. இத அவளுக்கு நல்லாச் சொல்லிக்கொடுத்திருந்தேல்லா?"

சைதூன் அவள் முகத்தைப் பார்த்தாள். "கொடுத்தேன் மாமி."

"அப்பப் பிழைச்சிருப்பா," என்று ரஹ்மத்துன்னிசா அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.